பரபக்கத்தில் நிற்கும் நாத்திகன்

1

கடவுள் இல்லை என்று பழைய தமிழில் முறையாக வாதிட்டவர்களின் சொற்கள் எங்கே கிடைக்கும் என்று தேடிப்போனால் வேடிக்கையான ஓர் இடத்துக்குப் போய்ச் சேருகிறோம். உலகாயதர் தம் கையால் எழுதிய பழந்தமிழ் நூல் எதுவும் நம்மிடம் இல்லை. மணிமேகலையில் சமயக் கணக்கர் வரிசையில் ஒரு பூதவாதி வந்து பேசிவிட்டுப் போகிறான்; அது பௌத்தப் பிரதி. நீலகேசியில் இன்னொரு பூதவாதி வருகிறான். அது சமணப் பிரதி. பிறகு அவன் விரிவாக வாய் திறப்பது பதின்மூன்றாம் நூற்றாண்டில், திருத்துறையூர் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரில். அதாவது ஒரு சைவப் பிரதியில். நாத்திகனின் குரலை ஏடுகளில் காப்பாற்றி வைத்தவர்கள் அவனை மறுக்க வந்த நம்பிக்கையாளர்கள்தான்.

இதை எழுதுகிறவனும் நம்பிக்கையாளன். நெற்றியில் நீறு பூசுகிறவன். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் பாதி வழியில் “இந்த ஆள் யார் பக்கம்?” என்ற கேள்வி எழுந்து வாசிப்பைக் கெடுக்கும். தோழர்கள் பலருக்கு நம்பிக்கையாளன் என்றாலே யோசிக்காதவன். நம்பிக்கையாளர்கள் பலருக்கோ நாத்திகன் என்றாலே சிலையை உடைக்க வந்தவன். இந்த இரண்டு பிம்பங்களும் அண்மைக் காலத்தவை. கடலூர், சிதம்பரம் பகுதியின் சிந்தனை வரலாற்றைக் கொஞ்சம் கிளறினால் அடியில் வேறொரு பழக்கம் தெரிகிறது.

சந்தானாசாரியர் நால்வரும் இந்த வட்டாரத்தோடு பிணைந்தவர்கள். மெய்கண்டார் பிறந்ததாகச் சொல்லப்படும் பெண்ணாகடமும், அருணந்தியின் திருத்துறையூரும், மறைஞானசம்பந்தரும் உமாபதியும் வாழ்ந்த சிதம்பரமும் இன்றைய கடலூர் மாவட்டத்துக்குள் வருகின்றன. மெய்கண்டாரின் திருவெண்ணெய்நல்லூர், பக்கத்து விழுப்புரம் மாவட்டம். சைவ சித்தாந்தம் என்ற தத்துவக் கட்டடத்தின் செங்கல் பெரும்பாலும் பெண்ணையாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட மண்ணில் அறுத்தது. அந்தக் கட்டடத்துக்குள் கடவுள் மறுப்பாளனுக்கு ஓர் அறை இருந்தது என்பதும், அந்த அறை எப்படி மூடப்பட்டது என்பதும்தான் இங்கே பேச வேண்டிய விஷயம்.

2

சித்தாந்தத்துக்கு வெகு முன்பே படைப்புக் கடவுள் இல்லாத சமயம் ஒன்று கடலூரில் வேரூன்றியிருந்தது. இன்றைய திருப்பாதிரிப்புலியூர்தான் பழைய பாடலிபுத்திரம். அது சமணரின் கல்வி நிலையம். லோகவிபாகம் என்ற உலக அமைப்பியல் நூலை சர்வநந்தி என்ற சமண முனிவர் சகம் 380இல், அதாவது கி.பி. 458இல், பாடலிகா என்ற ஊரில் எழுதி முடித்ததாக அந்நூலின் வடமொழி வடிவம் சொல்கிறது. அந்தப் பாடலிகா இந்த ஊரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. உலகத்துக்கு ஒரு கர்த்தா தேவையில்லை, அது அநாதியாக இருக்கிறது என்று நம்பியவர்கள் இங்கே உட்கார்ந்து அந்த உலகத்தை அளந்துகொண்டிருந்தார்கள்.

திருவாமூர் மருணீக்கியார் இந்தப் பள்ளிக்குத்தான் போனார். தருமசேனர் என்ற பெயரில் தலைமையும் பெற்றார். பிறகு சூலை நோய், திருவதிகையில் தமக்கை திலகவதியார், திருநீறு, தேவாரம் என்று போகும் கதை எல்லோருக்கும் தெரிந்தது. சேக்கிழார் சொல்லும் முடிவுதான் கவனத்துக்கு உரியது. மனம் மாறிய மன்னன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுவந்து திருவதிகையில் குணபர ஈச்சரம் எடுக்கிறான். சமணத்தை உள்ளிருந்து கற்ற ஒரு மனிதர் அப்பராகத் திரும்பிவந்தார். அந்தக் கல்வியின் வாதங்களை அவர் எப்படித் தமக்குள் எதிர்கொண்டார் என்பதைப் பற்றிப் புராணத்துக்கு அக்கறை இல்லை. அங்கே வாதத்தைத் தீர்த்துவைப்பவை நோயும் அற்புதமும் கடைசியில் கடப்பாரையும்.

எதிர்க்கருத்தை எதிர்கொள்ள நம்பிக்கைக்கு இரண்டு வழிகள் உண்டென்றால் இது ஒரு வழி. இன்னொன்றை அருணந்தி காட்டினார்.

அருணந்தியை ‘சகலாகம பண்டிதர்’ என்பார்கள். மெய்கண்டார் குடும்பத்துக்குக் குலகுரு, வயதில் மூத்தவர். அந்தச் சிறுவனிடம் போய் ஆணவத்தின் இயல்பு என்ன என்று கேட்டார். அவர் நின்ற நிலையையே பையன் பார்வையால் காட்டினான். கிழவர் அங்கேயே சீடரானார் என்பது மரபு. கதை உண்மையோ பொய்யோ, சித்தியாரின் அமைப்புக்கு அது பொருந்துகிறது. தான் சரி என்று நினைப்பதைச் சொல்லும் முன் தன்னை மறுக்கிறவனைப் பேசவிடுகிற நூல் அது. முதல் பாதி பரபக்கம். இரண்டாம் பாதி சுபக்கம். பரபக்கத்தில் பதினான்கு மதங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. முதலில் அந்த மதத்தவன் தன் கட்சியைச் சொல்கிறான். அதன் பிறகுதான் மறுப்பு. வரிசையில் முதல் ஆள் உலகாயதன்.

3

உலகாயதன் என்ன சொல்கிறான்? காட்சி ஒன்றே அளவை. கண்ணால் கண்டு, கையால் தொட்டு அறிவதுதான் அறிவு. அனுமானம் என்பது முன்னால் கண்டதின் வால்; காணாத ஒன்றுக்கு அது சாட்சியாகாது. ஆகமங்களோ ஒன்றோடொன்று முரண்படுகின்றன, எதை நம்ப? பூதங்கள் நான்கு. அவை சேர்ந்தால் உடம்பு. உடம்பில் அறிவு தோன்றும். வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் தனித்தனியே சிவப்பல்ல. வாயில் சேர்ந்து மென்றால் சிவப்பு வருகிறதல்லவா, அதுபோல. உடம்பு போனால் அறிவும் போச்சு. செய்த வினை அப்போதே அழிந்துபோகிறது; அழிந்தது பிறகு வந்து பலன் கொடுக்கும் என்பது யாரை ஏய்க்க?

இதில் கேலிச்சித்திரமும் உண்டு. உலகாயதனைக் கடைசியில் பெண்ணின்பம் தேடி அலைகிறவனாக அருணந்தி ஆக்கிவிடுகிறார். எதிரியின் ஒழுக்கத்தைப் பழிப்பது எல்லாக் காலத்து ஆத்திகர்களுக்கும் கைவந்த கலை. ஆனால் அந்தச் சித்திரத்தைக் கழற்றி வைத்துப் பார்த்தால் மீதியிருக்கும் வாதம் வலுவாகவே இருக்கிறது. இன்றைய நரம்பியலாளர் ஒருவர் அறிவு மூளையின் செயல் என்று சொல்லும்போது, வெற்றிலைச் சிவப்பைத்தான் வேறு மொழியில் சொல்கிறார்.

பரபக்கத்தின் வரிசை இன்னொன்றையும் சொல்கிறது. உலகாயதனைத் தொடர்ந்து பௌத்தத்தின் நான்கு பிரிவுகள், நிகண்டவாதம், ஆசீவகம், பட்டாசாரியம், பிரபாகரம் வருகின்றன. பின்னால் நிரீச்சுர சாங்கியம் வருகிறது. பெயரிலேயே ஈசுவரன் இல்லை. பதினான்கில் பத்து மதங்கள் படைப்புக் கடவுளை ஏற்காதவை. இந்தியத் தத்துவம் என்றாலே ஆன்மிகம் என்று பொதுமேடைகளில் முழங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கை ஒரு சைவ ஆசாரியரே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இந்தப் பத்தில் மீமாம்சகர்களை உற்றுப் பார்க்க வேண்டும். பட்டாசாரியம் என்பது குமாரிலபட்டரின் மதம். வேதத்தை வரிக்கு வரி காக்க வந்த இவர்தான் கடவுளுக்கு எதிரான கூர்மையான வாதங்களில் ஒன்றையும் வைத்தவர். இரக்கத்தால் உலகைப் படைத்தான் என்கிறீர்கள்; படைப்புக்கு முன் உயிர்களே இல்லையென்றால் யார்மேல் இரக்கம்? இரக்கம்தான் காரணமென்றால் இன்பத்தை மட்டும் படைத்திருக்கலாமே? இப்படிக் கேட்ட குமாரிலரை யாரும் நாத்திகர் என்று ஒதுக்கவில்லை. ஏனென்றால் மனுஸ்மிருதியின் கணக்குப்படி நாத்திகன் என்பவன் வேதத்தை நிந்திப்பவன். கடவுளை மறுத்தாலும் பரவாயில்லை. வேதத்தையும் வருணத்தையும் மறுக்காமல் இருந்தால் ஆஸ்திகன்தான். ‘நாத்திகம்’ என்ற சொல்லின் அதிகாரம் எங்கே செயல்பட்டது என்பது இதில் துலக்கமாகிறது.

4

சித்தாந்தம் இந்த வாதங்களை எப்படிச் சந்தித்தது? சிவஞானபோதத்தின் முதல் சூத்திரம் ஒரு நிரூபணம். அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று அழிகிறது. அப்படிப்பட்டது தானாக வராது. ஒடுக்குகிறவன் எவனோ அவனே தோற்றுவிக்கிறவன். குடத்துக்குக் குயவன், உலகுக்கு இறைவன்.

குடத்தைக் குயவன் வனைவதைப் பார்த்திருக்கிறோம், உலகத்தை யாரும் வனைவதைப் பார்த்ததில்லையே என்று உலகாயதன் கேட்பான். பகுதிகள் தோன்றி அழிவதைக் கொண்டு முழுமையும் ஒருநாள் தோன்றியது என்று எப்படிச் சொல்வாய் என்று சமணன் கேட்பான். 1779இல், டேவிட் ஹியூம் இறந்த பிறகு வெளிவந்த இயற்கைச் சமயம் பற்றிய உரையாடல்களிலும் இதே கேள்விகள் எழுகின்றன. அங்கே ஐயவாதியின் கையிலிருந்து நம்பிக்கையாளர்களின் குரல் பிறந்தது. இங்கே நம்பிக்கையாளரின் கையிலிருந்து மறுப்பாளனின் குரல். இந்த அளவில் இது தர்க்கப் பிரச்சினை. இரண்டு பக்கமும் மாறி மாறி ஆடிக்கொண்டே இருக்கலாம். இதனால் யாருக்கும் நம்பிக்கை வந்ததாகவோ போனதாகவோ தெரியவில்லை.

இரண்டாவது வகை வாதம் அப்படிப்பட்டதல்ல. உலகில் துன்பம் இருக்கிறது. கடவுள் எல்லாம் வல்லவன், அருளே வடிவானவன் என்றால் துன்பம் ஏன்? எபிகூரஸ் பெயரில் வழங்கும் பழைய கேள்வி இது. ஜே.எல். மேக்கி 1955இல் இதைத் தர்க்க முரணாக வகுத்துக் காட்டினார். சித்தாந்தத்திடம் இதற்குக் கெட்டிக்காரத்தனமான பதில் உண்டு. உயிர்களைக் கடவுள் படைக்கவில்லை. பதியைப்போலவே பசுவும் பாசமும் அநாதி. ஆணவ மலம் செம்பில் களிம்புபோல உயிரோடு என்றைக்குமே இருப்பது. ஆகவே தீமைக்கு இறைவன் பொறுப்பாளி இல்லை. குமாரிலரின் கேள்வியும் இங்கே வலுவிழக்கிறது. இரக்கப்பட உயிர்கள் எப்போதும் இருக்கின்றன. யூத, கிறித்தவ, இஸ்லாமிய இறையியல் திணறுகிற இடத்தில் சித்தாந்தம் லேசாகத் தாண்டிவிடுகிறது.

தாண்டினாலும் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறதே. ஒருவன் சொகுசாகவும் ஒருவன் பசியோடும் பிறப்பது ஏன் என்றால், வினை. இன்பமும் துன்பமும் இயல்பாக வருபவை, வினை எதற்கு என்று கேட்பவனுக்குச் சுபக்கத்தின் இரண்டாம் சூத்திரத்தில் அருணந்தி நீளமாகப் பதில் சொல்கிறார். பெற்றவர்கள் பிள்ளையை விளாறால் அடிப்பதுபோல் இறைவன் தருகிற துன்பமும் அருள்தான் என்கிறார். ஏட்டில் இது அழகான உவமை. ஊரில் இதன் பொருள் வேறு: சேரியில் பிறந்தவன் முன்பு எதையோ செய்துவிட்டுத்தான் அங்கே பிறந்தான், அடிக்கிற விளாறு கடவுளுடையது. கடவுளைக் குற்றத்திலிருந்து விடுவிக்க வேண்டி மனிதனைக் குற்றவாளியாக்கிய பதில் இது. சேக்கிழார் சொல்லும் நந்தன் தீயில் மூழ்கித்தான் தில்லைக்குள் நுழைய வேண்டியிருந்தது. அந்தத் தீயின் தர்க்கமும் இதுவே.

அருணந்திக்குப் பிறகு உலகாயதன் என்ன ஆனான்? சகம் 1235இல், அதாவது 1313இல், உமாபதி சிவம் சங்கற்ப நிராகரணம் எழுதுகிறார். அதில் ஒன்பது வாதங்கள் மறுக்கப்படுகின்றன. மாயாவாதம் தவிர மற்றவை சைவத்தின் உள்வட்டத்துப் பிணக்குகள். உலகாயதன் இல்லை, பௌத்தன் இல்லை, சமணன் இல்லை. தீட்சிதர் கூட்டம் விலக்கியதால் கொற்றவன்குடியில் தனியே வாழ்ந்தார், பெற்றான் சாம்பானுக்கு முத்தி அளித்தார் என்றெல்லாம் மரபு சொல்கிற உமாபதியே கடவுள் மறுப்பாளனோடு பேச வேண்டிய தேவையை உணரவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் சித்தியாருக்கு உரை செய்தபோது சுபக்கத்துக்குத்தான் செய்தார். பாடம் சொல்லும் இடங்களிலும் பெரும்பாலும் சுபக்கமே. சொந்த வீட்டில் விளக்கு எரிகிறது. விருந்தாளி அறை பூட்டிக் கிடக்கிறது.

5

பூட்டைக் கொஞ்சம் அசைத்தவர் என்று சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்கரைச் சொல்ல வேண்டும். 1867 மே 23ஆம் தேதி வடலூரில் தருமசாலை தொடங்கி அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பது ஊரறிந்தது. அவருடைய ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் ஒரு கேள்வி வருகிறது: சீவர்கள் முன்வினையால், கடவுள் விதித்தபடி பசியில் துன்பப்படுகிறார்கள் என்றால், அவர்களுக்குச் சோறு போடுவது கடவுள் கட்டளைக்கு விரோதம் ஆகாதா?

இது வெறும் தர்க்கப் பயிற்சிக் கேள்வியல்ல. சோறு போடாமல் இருப்பதற்குச் சைவர்கள் வைத்திருந்த சாக்கு. வள்ளலாரின் பதில்: கொடிய குற்றம் செய்தவனை அரசன் விலங்கிட்டுச் சிறையில் வைத்தாலும் சேவகரைக் கொண்டு சோறு போடச் சொல்கிறானே, அதுபோல. வினைக் கொள்கையை அவர் மறுக்கவில்லை. ஆனால் அது யாருக்குப் பயன்பட்டதோ அவர்கள் கையிலிருந்து அதைப் பிடுங்கிவிடுகிறார். உன் பசிக்கு உன் வினை காரணம் என்று சொல்லிவிட்டு இலையில் உட்கார இனி முடியாது. 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் ஆற்றிய பேருபதேசத்தில் வேதம், ஆகமம் எதிலும் லட்சியம் வைக்க வேண்டாம் என்கிறார். மனுவின் அளவுகோலில் இவர்தான் நாத்திகர். கடவுளை மறுத்த குமாரிலர் ஆஸ்திகர். கடவுளை உருகி உருகிப் பாடிய இராமலிங்கர் நாத்திகர்! குடி அரசு பதிப்பகம் இவருடைய பாடல்களிலிருந்து ஒரு திரட்டு வெளியிட்டதை விநோதமாகப் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ஆனாலும் அந்தச் சிறை உவமை உறுத்துகிறது. பசித்தவனுக்குச் சோறு கிடைத்துவிட்டது. ‘கைதி’ என்ற பெயர் போகவில்லை. அந்தப் பெயரைத்தான் பகத்சிங் பிடித்தார். 1930இல் லாகூர்ச் சிறையில் இருந்து எழுதிய நான் ஏன் நாத்திகன் என்ற கட்டுரையில் இந்துக்களைப் பார்த்து நேராகக் கேட்கிறார்: துன்பப்படுகிறவர்கள் எல்லாம் முற்பிறவிப் பாவிகள் என்கிறீர்கள், படிப்பில்லாத, தீண்டத்தகாத ஏழை வீட்டில் பிறப்பதுதான் தண்டனையென்றால், அந்த வறுமை அவனை மேலும் குற்றத்துக்குத் தள்ளாதா? அதற்கு யார் பொறுப்பு? தமிழில் இதை ஜீவா மொழிபெயர்த்தார். பெரியாரின் பதிப்பகம் வெளியிட, வழக்கும் கைதும் வந்தன. கால்விலங்கோடு ஒரு கைதி, கடவுளின் கைதிகளுக்காகப் பேசிய பேச்சு அது. அருணந்தி இருந்திருந்தால் இதைப் பரபக்கத்தில் சேர்த்திருப்பாரா என்று கேட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. அரசாங்கமோ பறிமுதல் என்ற வழியைத்தான் அறிந்திருந்தது.

1944இல் கடலூரில் கூட்டம் பேசிவிட்டு ரிக்‌ஷாவில் போன பெரியார்மேல் செருப்பு வீசினார்கள். ஒற்றைச் செருப்பு யாருக்கும் உதவாது என்று வண்டியைத் திருப்பிப் போய் மற்றதையும் அவர் எடுத்துக்கொண்டது இந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் கதை. 1972இல் அங்கே அவருக்குச் சிலையும் எழுந்தது. நம்பிக்கையாளன் என்ற முறையில் எனக்கு இதில் வருத்தம் தருவது வேறொன்று: பரபக்கம் எழுதிய மண்ணில் நம்மிடம் மிஞ்சிய பதில் ஒரு செருப்புதானா? சமணப் பள்ளியை இடித்த வழிக்கே திரும்பிவிட்டோம். பெரியாரின் வாதம் அளவை நூல் வாதமே அல்ல. உன் கடவுள் என்னை எங்கே நிறுத்தியிருக்கிறது என்று பார், பிறகு அது இருக்கிறதா இல்லையா என்று பேசுவோம் என்பது அதன் சாரம். இதற்குக் குயவன், குடம் என்று பதில் சொல்லிப் பயனில்லை.

6

1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். மாதா கோயில்களில் கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் இடிந்தது. கடலும் ஏறி வந்தது. இருப்பதில் சிறந்த உலகம் இதுவே என்ற லைப்னிட்ஸின் சமாதானத்தை வால்டேர் அதற்குப் பிறகு சும்மா விடவில்லை.

2004 டிசம்பர் 26, மார்கழித் திருவாதிரையை ஒட்டிய பௌர்ணமி நாள். நடராசருக்கு ஆண்டின் பெரிய திருவிழாக் காலம். அன்று காலை கடல் ஏறியது. தேவனாம்பட்டினத்திலும், சோனாங்குப்பத்திலும், சிதம்பரத்துக்குக் கிழக்கே கழிமுகத்துத் திட்டுகளிலும் கடல் புகுந்து வாரிக்கொண்டு போனது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், குழந்தைகள் நிறைய. ஆக்கலும் காத்தலும் அழித்தலும் ஆட்டம் என்று பாடுகிற சபையிலிருந்து கடற்கரை கூப்பிடு தூரம்.

“சாமின்னு ஒண்ணு இருந்தா இப்படிப் பண்ணுமா?” என்று கரையில் எழுந்த கேள்வி பரபக்கக் கேள்விதான். கேட்டவர்கள் பலரும் சாமி கும்பிடுகிறவர்கள். அதற்கு ஊரில் கிடைத்த பதில் வினை, விதி, பாவம். மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன வினை என்றால், முற்பிறவி. இந்தப் பதிலை எந்த அளவையாலும் பொய்ப்பிக்க முடியாது. அந்தத் தாயின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லிவிட்டு ஒருவன் தன்னைச் சிவனடியான் என்று சொல்லிக்கொள்ள முடியுமா என்பதே கேள்வி. தஸ்தாயெவ்ஸ்கியின் இவான் கரமசோவ் கடவுள் இல்லை என்று சொல்வதில்லை. குழந்தைகளின் கண்ணீரை விலையாகக் கொடுத்து வாங்கும் சொர்க்கம் வேண்டாம், டிக்கெட்டைத் திருப்பித் தருகிறேன் என்கிறான். அவனுக்குச் சித்தாந்தத்தில் பதில் இருக்கிறது. அந்தப் பதிலை நான் சொல்லத் தயாராக இல்லை.

இதனால் நம்பிக்கை போய்விட்டதா என்றால், இல்லை. கடவுள் உண்டு என்பதற்கும் ஒவ்வொரு துன்பத்துக்கும் நியாயம் சொல்ல முடியும் என்பதற்கும் உள்ள முடிச்சை அவிழ்க்க வேண்டும் என்றே தோன்றுகிறது. அந்த முடிச்சைப் போட்டது தத்துவம். பக்திக்கு அது அவசியமில்லை. சூலை நோயோடு திருவதிகைக்கு வந்த மனிதர் கேட்டது வலி தீரவேண்டும் என்று; வலிக்கு விளக்கம் வேண்டும் என்றல்ல. வடலூரில் அடுப்பு மூட்டியவருக்கும் பசிக்கு விளக்கம் இரண்டாம் பட்சமாகத்தான் இருந்தது.

பரபக்கத்தை மறுபடி திறந்து எழுத வேண்டும் என்று சைவ நண்பர்களிடம் சொன்னால், “எதுக்கு சார் வீண் வம்பு” என்கிறார்கள். நாத்திக நண்பர்களோ, “எங்க கட்சியை நீங்க எதுக்கு எழுதணும்?” என்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கு நியாயம் இருக்கிறது. அருணந்தி எழுதிய உலகாயதனுக்குத் தன் சித்திரத்தைப் பார்த்துத் திருத்தும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. இன்று அவர்கள் இருக்கிறார்கள், எழுதுகிறார்கள். ஆகவே இன்றைய பரபக்கத்தில் எதிர்க்கட்சியின் பகுதியை அவர்களே எழுதட்டும். தேவனாம்பட்டினத்துக்காரர்களும் நந்தனின் தெருக்காரர்களும் எழுதட்டும். முழுதும் எழுதி முடித்த பிறகு சுபக்கத்துக்கு நாம் உட்காரலாம். வினை என்ற சொல்லை எடுக்காமல் அதை எழுத முடிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.